பற்றுறுதிக்குப் பக்கத்தில் யாருடைய படம்?

சிங்கப்பூர்ப் பள்ளிகளின் காலைக் கூட்டத்தில் மாணவர்கள் வலக்கை விரல்களை மடக்கி இடப்பக்க நெஞ்சில் வைத்துக்கொண்டு தேசியப் பற்றுறுதியைச் சொல்கிறார்கள். இனம், மொழி, சமயம் ஆகிய வேற்றுமைகளைக் கடந்து ஒன்றுபட்ட மக்களாக நின்று, மகிழ்ச்சியும் வளமும் முன்னேற்றமும் காணும் பொருட்டு, நீதியையும் சமத்துவத்தையும் அடிப்படையாகக் கொண்ட ஜனநாயகச் சமுதாயத்தை உருவாக்குவோம் என்பது அதன் சாரம். இவைதாம் எங்கள் இலட்சியங்கள் என்று ஒரு நாடு ஒற்றை வாக்கியத்தில் எழுதி வைத்துவிட்டதால், அவற்றைத் தன் வாழ்க்கையில் அதிகம் தாங்கிய பொதுவாழ்வு மனிதர் யார் என்ற கேள்விக்கு அளவுகோல் தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்வியை ஒரு முடிவாகவே வைத்துக்கொள்வோம். பள்ளி மண்டபச் சுவரில் பற்றுறுதி எழுதப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரே ஒரு படத்துக்கு இடம் இருக்கிறது. யாருடைய படத்தை மாட்டுவது? நாட்டுக்கு யார் அதிகம் செய்தார் என்ற கணக்கை இங்கே எடுக்கப்போவதில்லை. அதை எடுத்தால் விடை எல்லோருக்கும் தெரிந்ததே, கட்டுரையும் தேவையில்லை. பற்றுறுதியின் சொற்களுக்கு அருகே நிறுத்தினால் யார் அதிகம் பொருந்துவார் என்பதுதான் வினா.

அரசு இதற்கு ஏற்கெனவே இரண்டு மூன்று விதமாக விடை சொல்லியிருக்கிறது. 1999ஆம் ஆண்டு முதல் வெளிவரும் வெள்ளித் தாள்களில் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் முகம் இருக்கிறது. முதல் பிரதமர் லீ குவான் யூவின் நூற்றாண்டையொட்டி 2023இல் அவர் உருவம் பொறித்த பத்து வெள்ளி நாணயம் வெளியிடப்பட்டது. மரினா வளைகுடாப் பகுதியில் எழுந்துவரும் நிறுவனர் நினைவகமோ யாரையும் தனியே முன்னிறுத்தாமல் ஒரு தலைமுறையையே நினைவுகூர்கிறது. குழுவாகக் கௌரவிப்பது நாகரிகமான வழிதான். ஆனால் அது தேர்வைத் தள்ளிப்போடும் வழியும்கூட.

யூசோஃப் இஷாக்கிலிருந்து தொடங்கலாம். பேராக்கில் பிறந்தவர், பத்திரிகையாளர், 1939இல் 'உத்துசான் மெலாயு' நாளிதழைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர். 1959 டிசம்பரில் சிங்கப்பூருக்கு மலாய்க்காரரான முதல் நாட்டுத் தலைவராகவும், 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் குடியரசின் முதல் அதிபராகவும் ஆனார். மக்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சீனர்களாக இருக்கும் நாட்டில், சொங்கோக் தொப்பி அணிந்த ஒரு மலாய்க்காரரின் முகம் ஒவ்வொருவர் பையிலும் இருப்பது சின்ன விஷயமன்று. வெள்ளித் தாளுக்கு அதைவிடச் சிறந்த தேர்வு கிடையாது என்றே நினைக்கிறேன். எனினும் அவர் வகித்தது சடங்குமுறைப் பதவி. நீதி, ஜனநாயகம் ஆகிய சொற்கள் சோதனைக்கு உள்ளான தருணங்களில் முடிவெடுக்கும் இடத்தில் அவர் இல்லை. அடையாளமாகப் பொருந்துகிறவர் எடுத்துக்காட்டாகவும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கோ கெங் சுவீயின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜூரோங்கின் சதுப்பு நிலத்தைத் தொழிற்பேட்டையாக்கியவர். நிதி, தற்காப்பு, கல்வி என்று கைவைத்த ஒவ்வொரு துறையையும் அடியோடு மாற்றியவர். பற்றுறுதியில் வரும் வளம் என்ற ஒரு சொல் மட்டும் அளவுகோலாக இருந்தால் படம் அவருடையதே. ஆனால் அந்த வாக்கியத்தில் வளம் கடைசிப் பகுதியில், அடைய வேண்டிய பயனாக வருகிறது. அதற்கு முன்னால் சொல்லப்பட்டிருக்கும் வழிகளைப் பற்றித்தான் நம் தேடல்.

இனி லீ குவான் யூ. அவருக்கான வாதம் வலுவானது; அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த நாளான 1965 ஆகஸ்ட் 9 அன்று, தொலைக்காட்சியில் கண்ணீர் விட்ட அதே நாளில், இது மலாய் நாடாகவோ சீன நாடாகவோ இந்திய நாடாகவோ இராது, எல்லோருக்கும் இடம் உண்டு என்ற உறுதியை அவர் கொடுத்தார். பெரும்பான்மையினரின் மொழிக்குத் தனி உயர்வு கேட்டுச் சீன வணிகச் சமூகத்திலிருந்து குரல் எழுந்தபோது பணியவில்லை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளும் ஆட்சிமொழிகளாக நீடித்தன. அக்கம்பக்கத்து நாடுகளில் மொழிச் சட்டங்கள் என்ன செய்தன என்பதை, குறிப்பாக 1956இல் இலங்கையில் நடந்ததை, அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தப் பணியாமையின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. பதவியில் நெடுங்காலம் இருந்தும் கை சுத்தமாக இருந்தவர். தன் வீட்டையே நினைவிடமாக்க வேண்டாம், இடித்துவிடுங்கள் என்று விரும்பியவர்.

ஆயினும் பற்றுறுதியின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் பக்கத்தில் வைத்தால் இடிக்கிறது. ஜூரோங் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சியா தை போ 1966 அக்டோபரில் கைதாகி, வழக்கு விசாரணை எதுவுமின்றி 1989 வரை சிறையில் இருந்தார். அதன் பிறகும் செந்தோசாத் தீவில் கட்டுப்பாட்டுடன் வாழ நேர்ந்தது. ஜூரி முறை 1969இல் ஒழிக்கப்பட்டது. பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டம் 1984இல் வந்தது. அதற்கு அடிபோட்டது முந்தைய ஆண்டு தேசிய தினக் கூட்டத்தில் லீ ஆற்றிய உரை. பொதுமக்களின் எதிர்ப்பால் அந்தத் திட்டம் விரைவில் கைவிடப்பட்டது என்றாலும், சமத்துவம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்த உரையை வைத்துப் படிப்பது கடினம்.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது 2009 ஆகஸ்ட் மாதத்து நாடாளுமன்ற விவாதத்தை. நியமன உறுப்பினரான விஸ்வா சதாசிவன், நாட்டின் கொள்கைகளை விவாதிக்கும்போது பற்றுறுதியின் கோட்பாடுகள் மீதான தன் பற்றை மன்றம் மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எண்பத்தைந்து வயதான மதியுரை அமைச்சர் லீ எழுந்து பேசினார். அரசியலமைப்பின் 152ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைப் பேணும் கடமை அரசுக்கு உண்டு என்றும், எல்லா இனத்தவரும் இன்றே ஒரே நிலையில் நடத்தப்படுகிறார்கள் என்று சொல்வது உண்மைக்கு மாறானது என்றும், பற்றுறுதி சொல்வது எட்ட விரும்பும் இலக்கே தவிர எட்டிவிட்ட நிலைமை ஆகாது என்றும் வாதிட்டார். சபையைத் தரைக்கு இறக்கவே தாம் பேசுவதாகவும் சொன்னார்.

அந்த உரையில் கபடம் இல்லை. நடைமுறையில் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நம் முடிவுக்கு அது போதுமான சாட்சியம். பற்றுறுதியை இலக்கு என்று தூரத்தில் வைத்துக்கொண்டு, கையில் இருப்பதை வைத்து நாட்டை நடத்தியவர் லீ. நாட்டைக் கட்டியவர் என்ற பட்டத்தை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. அந்த வாக்கியத்தின் உருவமாக அவரை நிறுத்தினால், அவரே முதலில் அதை மறுத்திருப்பார்.

லீக்கு நேரெதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறார் டேவிட் மார்ஷல். பாக்தாத் வழிவந்த யூதக் குடும்பத்தில் 1908இல் சிங்கப்பூரில் பிறந்தவர், ஜப்பானியரிடம் போர்க்கைதியாக ஹொக்கைடோவில் உழன்றவர், புகழ்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர். 1955 ஏப்ரலில் முதல் முதலமைச்சரானபோது காலனி அரசு அவருக்கு அலுவலக அறைகூடத் தரவில்லை. தேர்தல் பேச்சுகள் பேசிய எம்பிரஸ் பிளேஸ் மரத்தடியிலேயே மேசை நாற்காலி போட்டு ஆட்சி நடத்துவேன் என்று அவர் மிரட்டிய பிறகு, மாடிப்படிக்குக் கீழே ஒரு சிற்றறை ஒதுக்கினார்கள். குடிமக்கள் தலைவரை நேரில் சந்தித்துக் குறை சொல்லும் மக்கள் சந்திப்பு என்ற வழக்கத்தைத் தொடங்கியவர் அவரே. இன்றுவரை எல்லாக் கட்சியினரும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்த அனைத்துக் கட்சிக் குழுவும் அவர் காலத்தது. தன்னாட்சி கோரிய லண்டன் பேச்சுவார்த்தை தோற்றால் விலகுவேன் என்று சொன்னார், தோற்றது, 1956 ஜூனில் விலகினார். சொன்னபடி விலகிய அரசியல்வாதி என்பதற்காகவே ஒரு படம் மாட்டலாம்.

ஆனால் மார்ஷலின் ஆட்சி பதினான்கு மாதங்களே நீடித்தது. இலட்சியம் நீண்ட அதிகாரத்தோடு உரசும்போது அவரிடம் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை நாம் பார்க்கவில்லை. இதே குறையை அடுத்து வருபவர் மீதும் சுமத்தலாம். ஆனால் அவரை அதிகாரம் வேறொரு விதமாகச் சோதித்தது.

இப்போது இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் வருகிறோம். 1915இல் வட்டுக்கோட்டையில் பிறந்தவர் சின்னத்தம்பி ராஜரத்தினம். 1926இல், அதே வலிகாமம் மேற்கில், சங்கானையில் பிறந்தவர் ஜோஷுவா பெஞ்சமின் ஜெயரத்தினம். இருவரும் வளர்ந்தது மலாயாவில், முன்னவர் சிரம்பானில், பின்னவர் ஜொகூரில். இருவரும் லண்டனில் சட்டம் படிக்கப் போனார்கள். ஒருவர் ஆளும் மக்கள் செயல் கட்சியை நிறுவியவர்களுள் ஒருவரானார். மற்றவர் அதே கட்சியின் நாடாளுமன்றத் தனியாட்சியை உடைத்தார். என் பார்வையில் இறுதிப் போட்டி இவர்கள் இருவருக்கும் இடையில்தான். இருவருமே தமிழர் என்பதால் இனப்பற்று இந்தத் தீர்ப்பைச் சாய்க்கவும் வழியில்லை.

ஜெயரத்தினத்தை முதலில் எடுப்போம். 1968 முதல் 1980 வரை நடந்த நான்கு பொதுத்தேர்தல்களிலும் எல்லா இடங்களையும் ஆளுங்கட்சியே வென்றிருந்தது. 1981 அக்டோபர் 31 அன்று ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் சார்பில் அவர் வென்றபோது, 75 இடங்கள் கொண்ட மன்றத்தில் அவர் ஒருவரே எதிர்க்கட்சி. சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த துறைமுகத் தொகுதி ஒன்று ஆளுங்கட்சியின் சீன வேட்பாளரை விட்டுவிட்டு ஒரு தமிழரைத் தேர்ந்தெடுத்தது. இருபதாண்டுகளுக்கு முன் இதே ஆன்சன்தான் யூதரான மார்ஷலையும் மன்றத்துக்கு அனுப்பியிருந்தது. இனம் பாராமை என்ற சொல்லைத் தலைவர்களிடம் தேடிக்கொண்டிருக்கும் நாம், அந்த வாக்காளர்களைச் சற்று மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. அவர்களுக்குப் படம் இல்லை, 1988இல் தொகுதியும் இல்லாமல் போயிற்று.

பிறகு நடந்தது நீண்ட கதை. கட்சிக் கணக்கு தொடர்பான வழக்கில் 1986இல் ஒரு மாதச் சிறையும் அபராதமும் விதிக்கப்பட்டு, நாடாளுமன்ற இடத்தையும் வழக்கறிஞர் தொழிலையும் இழந்தார். 1988இல், அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அவரைத் தொழிலில் மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது; அவருக்குக் கடும் அநீதி இழைக்கப்பட்டது என்றும் எழுதியது. தண்டனையை நீக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை. சிங்கப்பூரில் மன்னிப்பும் கிடைக்கவில்லை. 1997இல், தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களுக்குத் தரப்படும் இடத்தில், தொகுதியில்லா உறுப்பினராக மீண்டும் மன்றத்துக்குள் வந்தவர், அவதூறு வழக்குகளின் இழப்பீட்டைக் கட்ட முடியாமல் 2001இல் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டு அந்த இடத்தையும் இழந்தார். எழுபதைக் கடந்த வயதில், அடர்ந்த வெண்கிருதாவோடு, கடைத்தொகுதி வாசல்களில் தாம் எழுதிய புத்தகங்களைக் கையில் பிடித்தபடி விற்றுக்கொண்டு நின்றார். பலர் பார்க்காததுபோலக் கடந்துபோனார்கள், சிலர் வாங்கினார்கள். கடனடைத்து மீண்டதும் 2008இல், எண்பத்திரண்டு வயதில், புதுக் கட்சி ஒன்றைத் தொடங்கினார். சில மாதங்களில் மறைந்தார்.

நீதி, ஜனநாயகம் என்ற இரு சொற்களுக்கு இவ்வளவு விலை கொடுத்தவர் இந்தப் பட்டியலில் வேறு எவரும் இல்லை. பற்றுறுதியில் அந்த இரண்டு சொற்கள் மட்டும் இருந்திருந்தால் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

ராஜரத்தினத்தின் பலவீனமும் சரியாக அங்கேதான் இருக்கிறது. 1959 முதல் 1988 வரை அவர் அமைச்சரவையில் இருந்தார். 1963 பிப்ரவரியில் இடதுசாரிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானது, சியா தை போவின் சிறைவாசம், 1987இல் விசாரணையின்றி நடந்த கைதுகள் ஆகிய அனைத்தும் அந்த இருபத்தொன்பது ஆண்டுகளுக்குள் அடங்கும். அரசியலுக்கு வருமுன் கூர்மையான பத்திரிகையாளராக விளங்கியவர் அமர்ந்திருந்த அமைச்சரவைதான், 1974இல் செய்தித்தாள்களின் உரிமையைக் கட்டுக்குள் வைக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தது. அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கொள்கைகளுக்கான வாதங்களைச் சொல்லில் வடித்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

அப்படியிருந்தும் நான் அவர் பக்கம் சாய்வதற்குக் காரணம், 1964 முதல் 1966 வரையிலான காலத்தில் இருக்கிறது.

1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட மலாய் சீனக் கலவரத்தில் 23 பேர் மாண்டார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டதில் மேலும் 13 பேர். இனத்தை மீறிய மலேசியா என்ற கனவுக்கு அதைவிடக் கொடிய மறுப்பு இருக்க முடியாது. மறு ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில், பிரிவினை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று கோலாலம்பூருக்கு அழைக்கப்பட்டபோது ராஜரத்தினமும் துணைப் பிரதமர் தோ சின் சாயும் மறுத்தார்கள். லீ எவ்வளவு சொல்லியும் மனம் இறங்கவில்லை. வேறு வழியே இல்லை என்று மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தோவுக்குத் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதிக்கொடுத்த பிறகுதான் இருவரும் கையெழுத்திட்டார்கள். ராஜரத்தினம் வளர்ந்த சிரம்பான் அந்தக் கையெழுத்தோடு அயல்நாட்டு ஊராயிற்று. பல இனத்தவரும் சமமாக வாழும் மலேசியா என்று மேடைமேடையாகப் பேசியவர், அந்தப் பேச்சைப் புதைக்கும் தாளில் தம் பெயரை எழுதினார்.

ஆறு மாதம் கழித்து, 1966 பிப்ரவரியில், மாணவர்கள் சொல்வதற்கு ஓர் உறுதிமொழி வேண்டும் என்று கல்வி அமைச்சர் ஓங் பாங் பூன் கேட்டபோது வரைவை எழுதியவர் இதே மனிதர். லீ அதைச் செப்பனிட்டார். கலவரம் முந்தாநாள் நடந்தது, கனவு நேற்று உடைந்தது என்ற நிலையில், இனத்தைப் பொருட்படுத்தாத மக்கள் என்று ஒருவர் எழுதினால் அது அசட்டு நம்பிக்கையாக இருக்கலாம், அல்லது தோற்றும் கைவிடாத கொள்கையாக இருக்கலாம். பின் வந்த இருபத்தைந்து ஆண்டுகள் இரண்டாவதையே காட்டுகின்றன. பதவியை விட்ட முதுமையில், அரசு ஒவ்வோர் இனத்தவரையும் தத்தம் பண்பாட்டு வேர்களை நாடச் சொல்லும் போக்கு வலுத்தபோது, அதனால் சிங்கப்பூரர் என்ற உணர்வு பின்னுக்குப் போகும் என்று அவர் வெளிப்படையாகவே கவலை தெரிவித்தார். தம்முடைய கட்சி, தம்முடைய தோழர்கள், தம்முடைய அரசு, இருந்தும் பேசினார். சிங்கப்பூரராக இருப்பது மூதாதையரைப் பொறுத்தது அல்ல, நம்பிக்கையையும் விருப்பத்தேர்வையும் பொறுத்தது என்பது அவர் நிலைப்பாடு. சொந்த வாழ்க்கையிலும் அதற்கு மாறு இல்லை: 1943இல் லண்டனில் அவர் மணந்தது ஹங்கேரியப் பெண்ணான பிரோஸ்காவை.

இங்கே ஒரு மறுப்பு வரும். எழுதியவரையே எழுத்தின் உருவம் என்பது சுற்றி வந்து சொந்த வாசலில் நிற்பது அல்லவா? வரைவு எழுதியதை மட்டும் காரணமாகக் காட்டினால் அப்படித்தான். பற்றுறுதியின் முதல் பாதியை, அதாவது இனம், மொழி, சமயம் பற்றிய பகுதியை, அதிகாரத்தில் இருந்தபோதும் இழந்தபோதும் ஒரே மாதிரி நம்பியவர் அவர் என்பதே என் காரணம். இரண்டாம் பாதியில் ஜெயரத்தினம் அவரை வெல்கிறார். அப்படியானால் முதல் பாதிக்கு ஏன் அதிக எடை? சிங்கப்பூர் உருவான காலத்தில் ஜனநாயகக் குறைவால் அந்தத் தீவு உடைந்துபோகும் என்று யாரும் அஞ்சவில்லை. இனப்பூசலால் உடையும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். அந்த நாட்டின் இலட்சியங்களில் மற்றவை நிற்பதற்கான தரையே அதுதான். 2009இல் லீ தரைக்கு இறங்கச் சொன்னாரே, அந்தத் தரையில் நின்றுகொண்டு இலக்கைத் தளர்த்தாமல் பேசியவர் ராஜரத்தினம்.

மண்டபம் சட்டக் கல்லூரியினுடையதாக இருந்தால் என் முடிவு மாறும். அங்கே ஜெயரத்தினம், அவருக்கு அனுமதி கிடைக்காவிட்டால் மார்ஷல். பத்து வயதுப் பிள்ளைகள் நான்கு வீட்டுமொழிகளிலிருந்து வந்து ஒரே வரிசையில் நிற்கும் தொடக்கப்பள்ளிக்கு ராஜரத்தினம்தான்.

நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்தப் படத்தைப் பார்த்ததும், சிங்கப்பூரின் பற்றுறுதியை எழுதியவர் ஒரு தமிழர் என்று பகிர்ந்து பெருமைப்படும் பழக்கம் நமக்கு இருக்கிறது. தகவல் சரிதான், ஆனால் அவர் ஆயுள் முழுக்கக் கடக்க முயன்ற வேலியை அவரைச் சுற்றியே மீண்டும் நடுவது அது. ஆகவே படத்தின் கீழே மூன்று செய்திகள் இருந்தால் போதும் என்பேன்: பெயரும் 1915, 2006 என்ற ஆண்டுகளும், 1966 பிப்ரவரியில் பற்றுறுதியின் வரைவை எழுதியது, அவர் அமைச்சராக இருந்த காலம் முழுவதும் விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டம் நடைமுறையில் இருந்தது. மூன்றாவதை நீக்கச் சொல்லிப் பள்ளி நிர்வாகம் கேட்கக்கூடும். அப்படிக் கேட்டால் படத்தையும் சேர்த்தே திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.